சொல்லும் சாவியும் ஒரே தாளில்: கலப்பு ஊடகச் சித்திரம் வரையத் தொடங்குபவர்களுக்கு

பெரிதாக ஒரு சொல். அதைச் சுற்றி ஒரு சாவி, மூக்குக்கண்ணாடி, மடக்கிய குடை, ஒரு ஜோடி செருப்பு. பென்சில், மை, வாட்டர்கலர், கிழித்து ஒட்டிய காகிதம் எல்லாம் ஒரே தாளில். இந்த மாதிரிப் படங்களைப் பார்த்தால் நாமும் வரைந்து பார்க்கலாமே என்று கை பரபரக்கும். ஓவியம் படிக்காதவர்களும் தைரியமாக இதில் இறங்கலாம். முகம் வரையத் தெரிய வேண்டாம், தெருக்காட்சியின் தூரக் கணக்கும் வேண்டாம். மேஜையில் கிடக்கும் பொருள்களும் சின்ன வயதிலிருந்து எழுதிவரும் எழுத்துகளும் போதும்.

ஆனால் முதல் முயற்சிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. பொருள்கள் நன்றாக வந்திருக்கும். எழுத்தும் அழகாக இருக்கும். இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். படம் ஒருவர் வரைந்தது, தலைப்பு இன்னொருவர் எழுதியது போல. என் முதல் ஐந்தாறு தாள்கள் அப்படித்தான் போயின. ஏன் என்று பிடிபட நாளாயிற்று. பொருள்களை எதிரே வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தேன்; எழுத்தை மட்டும் பழக்கத்தில் எழுதிவிட்டேன். எழுத்தையும் மேஜை மேல் இருக்கும் ஒரு பொருளாக நினைத்து, அதற்கு அகலம், கனம், நிழல் எல்லாம் கொடுத்து வரைய ஆரம்பித்த பிறகுதான் தாள் ஒன்று சேர்ந்தது. கீழே வரும் படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் கடைசி வரை போகலாம். சொல்: ‘கிளம்பு’. பொருள்கள்: வெளியே கிளம்பும்போது கை தேடுபவை. உங்களுக்கு வேறு சொல் பிடித்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று முதல் ஐந்து எழுத்துக்குள் இருக்கட்டும். நீளமான சொல்லை எடுத்தால் ஒவ்வொரு எழுத்தும் சிறுத்துப்போய், பொருள்களோடு உறவாட இடம் இருக்காது.

என்னென்ன வேண்டும்

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரணப் பிரிண்டர் தாள் 70–80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனம்தான். தண்ணீர் பட்டதும் அலை அலையாக நெளிந்துவிடும். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள் அல்லது ‘மிக்ஸட் மீடியா’ என்று விற்கும் 250 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட தாள் வாங்குங்கள். வாட்டர்கலர் தாளில் சொரசொரப்பான கோல்ட் பிரஸ், வழுவழுப்பான ஹாட் பிரஸ் என்று இரண்டு பரவலாகக் கிடைக்கும். நமக்கு ஹாட் பிரஸ் நல்லது; மெல்லிய பேனா முனை அதில் தட்டுத் தடுமாறாமல் ஓடும். அளவு ஏ4, அதாவது 297 × 210 மி.மீ. முதல் படத்துக்கு அதைவிடப் பெரிய தாள் வேண்டாம்.

பென்சிலில் ஒரு எச்பி, ஒரு 4பி. அழிக்க, பிசைந்து பயன்படுத்தும் ரப்பர் கிடைத்தால் நல்லது. தாளைச் சுரண்டாமல் கரியை ஒற்றி எடுத்துவிடும். பேனாவுக்குத் தண்ணீரில் கரையாத பிக்மென்ட் மை உள்ள ஃபைன்லைனர், மெல்லியதும் தடித்ததுமாக இரண்டு. பேனா மேல் இருக்கும் எண்ணை அப்படியே மில்லிமீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். சகுராவின் பிக்மா மைக்ரான் வரிசையில் 01 என்றால் 0.25 மி.மீ கோடு, 05 என்றால் 0.45 மி.மீ, 08 என்றால் 0.50 மி.மீ. அதனால் 05-ம் 08-ம் வாங்கினால் வித்தியாசமே தெரியாது. 01-ம் 08-ம் வாங்குங்கள்.

வண்ணத்தில் அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செங்காவி, இவற்றோடு உங்களுக்குப் பிடித்த ஒரு பளிச் நிறம். மூன்றே மூன்று. நீலத்தையும் செங்காவியையும் கலந்தால் அருமையான சாம்பல் வரும்; நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், காவி கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். நிழல் முழுவதையும் இந்தக் கலவையே பார்த்துக்கொள்ளும். கறுப்பு வண்ணம் வாங்கத் தேவையில்லை.

மற்றபடி ஒரு வெள்ளை ஜெல் பேனா, இரண்டு மூன்று வண்ணப் பென்சில், மாஸ்கிங் டேப், வெள்ளைப் பசை, டிரேசிங் தாள், ஒட்டுவதற்குப் பழைய வரைபடத் துண்டு, பயணச் சீட்டு, உறையின் உள்பக்கம் போன்ற காகிதங்கள்.

முதலில் ஒரு சோதனைத் தாள்

இதைத் தாண்டிப் போய்விடத் தோன்றும். தாண்ட வேண்டாம். கலப்பு ஊடகத்தில் கெட்டுப்போகும் படங்களில் பெரும்பகுதி வரையத் தெரியாததால் கெடுவதில்லை. எதன் மேல் எது உட்காரும் என்று தெரியாததால் கெடுகின்றன.

நீங்கள் வரையப்போகும் அதே தாளில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். பென்சில், ஃபைன்லைனர், வாட்டர்கலர், வண்ணப் பென்சில், ஜெல் பேனா ஆகிய ஐந்தாலும் இடமிருந்து வலமாக ஐந்து பட்டைகள் போடுங்கள். நன்றாகக் காயட்டும். அப்புறம் அதே ஐந்தையும் மேலிருந்து கீழாக, முதல் பட்டைகளைக் குறுக்கே வெட்டும்படி போடுங்கள். இருபத்தைந்து சந்திப்புகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் உற்றுப் பாருங்கள்.

மெழுகு கலந்த வண்ணப் பென்சில் மேல் வாட்டர்கலர் பட்டால் முத்து முத்தாக உருண்டு விலகும். வேண்டுமென்றே செய்தால் அது ஓர் அழகு. தெரியாமல் நடந்தால் தலைவலி. ஜெல் பேனாக் கோட்டின் மேல் ஈரத் தூரிகை போனால் பல மைகள் கரைந்து வண்ணத்தோடு கலந்து பால் போல ஆகிவிடும். பென்சில் கோட்டின் மேல் வாட்டர்கலர் காய்ந்துவிட்டால் அந்தக் கோடு அங்கேயே தங்கிவிடும், ரப்பருக்கு எளிதில் வராது. ஃபைன்லைனர் கோட்டின் மேல் தண்ணீர் ஓடியும் மை அசையவில்லை என்றால் நல்ல மை. ஊதா, நீலம் என்று கசிகிறது என்றால் அந்தப் பேனாவை வண்ணத்துக்குப் பிறகு மட்டும் பயன்படுத்துங்கள்.

இவற்றிலிருந்து நமக்கு ஒரு வரிசை கிடைக்கிறது: லேசான பென்சில், ஒட்டும் காகிதம், வாட்டர்கலர், மை, வண்ணப் பென்சில், வெள்ளை. ஈரமானது முன்னால், காய்ந்தது பின்னால். ஆல்கஹால் மார்க்கரை இந்த முதல் படத்தில் சேர்க்காதீர்கள். அது தாளின் மறுபக்கம் வரை ஊறும்; வண்ணப் பென்சில் மேல் ஓட்டினால் மெழுகு ஏறி முனையே பாழாகும். கரியும் பேஸ்டலும் இப்போதைக்கு வேண்டாம். பொடி உதிராமல் இருக்க அவற்றின் மேல் ஃபிக்ஸட்டிவ் தெளிக்க வேண்டியிருக்கும்.

சோதனைத் துண்டின் பின்னால் எந்தப் பேனா, எந்த வண்ணம் என்று எழுதி வைத்துவிடுங்கள். அடுத்தடுத்த படங்களுக்கும் அது உதவும்.

எழுத்தை அளந்து பாருங்கள்

தமிழ் எழுத்து மூன்று மாடி வீடு மாதிரி. நடு மாடியில் எழுத்தின் உடல். மேல் மாடியில் புள்ளியும், கி, கீ போன்றவற்றின் மேல்விலங்கும். கீழ் மாடியில் பு, கு, மு ஆகியவற்றின் கீழ்ப்பகுதி; த, ந, ற, ழ ஆகியவற்றின் வாலும் அங்கே இறங்கும். ‘கிளம்பு’ என்ற சொல்லை நான் எடுத்ததற்குக் காரணமே இதுதான். நான்கே எழுத்தில் மூன்று மாடிக்கும் வேலை இருக்கிறது. ‘கி’ மேலே வளைகிறது, ‘ம்’ புள்ளி வைக்கிறது, ‘பு’ கீழே நீள்கிறது, ‘ள’ நடுவில் பரந்து உட்கார்ந்திருக்கிறது.

தாளைக் குறுக்குவாட்டில் வைத்து, சுற்றிலும் 20 மி.மீ விளிம்பு விடுங்கள். உள்ளே 257 × 170 மி.மீ இடம் இருக்கும். உடலுக்கு 50 மி.மீ உயரம், மேல் மாடிக்கு 25, கீழ் மாடிக்கு 45 என்று எச்பி பென்சிலால் நான்கு மெல்லிய கோடுகள் போடுங்கள். கோடு உங்களுக்கு மட்டும் தெரிகிற அளவு லேசாக இருக்கட்டும். பென்சிலை அழுத்தினால் தாளில் பள்ளம் விழும். பிறகு அழித்தாலும் வண்ணம் அந்தப் பள்ளத்தில் தேங்கி அதைக் காட்டிக்கொடுக்கும்.

இப்போது சொல்லை ஒற்றைக் கோட்டில், எலும்புக்கூடு மாதிரி எழுதுங்கள். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொடுக்காதீர்கள். ‘ள’ அகலமான எழுத்து, ‘பு’ ஒடுங்கியது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் திணித்தால் ‘ள’ மூச்சு முட்டும். எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் அளவுகோலால் அளக்க வேண்டாம். இரண்டு எழுத்துக்கு நடுவே மணல் கொட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்; எல்லா இடைவெளியிலும் ஏறக்குறைய அதே அளவு மணல் பிடித்தால் கண்ணுக்குச் சீராக இருக்கும்.

எலும்புக்கூடு திருப்தியாக வந்த பிறகு சதை. கோட்டின் இருபுறமும் 4 மி.மீ தள்ளி இணையாக வரைந்து, 8 மி.மீ தடிமனுள்ள வெற்று எழுத்தாக்குங்கள். வளைவுகளில், சுழிகளில் கவனம் வேண்டும்: ‘ள’வின் சுழிக்குள் இருக்கும் ஓட்டை அடைபட்டுவிடக் கூடாது. அடைபடுகிறது என்று தோன்றினால் சுழியைப் பெரிதாக்குங்கள், அங்கே மட்டும் கோட்டை ஒல்லியாக்காதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பென்சில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முனைகள் ஒரே மட்டத்தில் இருக்கும்படி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். இரண்டு முனையும் தாளில் படும்படி, ஏறக்குறைய 45 பாகை சாய்வில் பிடித்துக்கொண்டு, கையைத் திருப்பாமல் எழுதுங்கள். தட்டை முனைப் பேனாவில் எழுதியது போல, ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும், இரட்டைக் கோட்டு எழுத்து தானாகவே பிறக்கும். சுழிகளில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தாண்டிப் போகும். அந்தப் பின்னலை அழிக்காமல் விட்டுவைக்கலாம். ஸ்கெட்ச் செய்த பொருள்களோடு அது நன்றாகச் சேரும். முதல் முறை செய்பவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். கணினி எழுத்துருவைப் பார்த்து நகலெடுப்பதைவிட இதில் உங்கள் கை தெரியும்.

பொருள்களைப் பார்ப்பது

சாவி, கண்ணாடி, குடை, செருப்பு நான்கையும் உண்மையிலேயே மேஜையில் எடுத்து வையுங்கள். ஃபோட்டோ பார்த்து வரையலாமா என்று கேட்பார்கள். வரையலாம்தான். ஆனால் ஃபோட்டோ எதைக் காட்ட வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. பொருளைக் கையில் எடுத்துத் திருப்பினால்தான் செருப்பின் குதிகால் தேய்ந்திருப்பது தெரியும், சாவியின் பல் ஒன்று மழுங்கியிருப்பது தெரியும். படத்துக்கு உயிர் வருவது அந்த இடங்களில்தான்.

கையைப் பழக்க, வேறொரு தாளில் ஐந்து நிமிடம் தாளைப் பார்க்காமல் வரையுங்கள். கண் பொருளின் விளிம்பில் எறும்பு மாதிரி மெதுவாக நகரட்டும். பென்சிலும் அதே வேகத்தில் நகரட்டும். வருவது கோணல்மாணலாக இருக்கும். பரவாயில்லை. அடுத்து பார்த்து வரையும்போது கோட்டில் தெரியும் நிதானத்தை நீங்களே கவனிப்பீர்கள்.

ஒவ்வொரு பொருளிலும் தடுமாறும் ஓரிடம் உண்டு. கண்ணாடியில் இரண்டு வட்டங்களும் ஒரே மாதிரி வராது. சற்றுப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் தூரத்து வட்டம் ஒடுங்கி நீள்வட்டமாகும். செருப்பில் இரண்டையும் ஒரே திசையில் வைத்தால் கடைக் கண்ணாடியில் இருப்பது போல விறைப்பாக இருக்கும்; ஒன்றைச் சற்றுத் திருப்பி, கழற்றிப் போட்ட மாதிரி வையுங்கள். குடையில் துணி மடிப்புகள் எல்லாவற்றையும் வரையத் தேவையில்லை. நுனியை நோக்கிக் கூடும் ஐந்தாறு கோடுகள் போதும். சாவியின் வெளிக்கோட்டைவிட, வளையத்துக்குள் தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தை முதலில் வரைந்துபாருங்கள். அது சரியாக வந்தால் சாவி தானாகச் சரியாக வரும். எழுத்துக்கும் இதே விதிதான்: ‘ள’வின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடமும் சாவி வளையத்தின் வெற்றிடமும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டியவை.

இரண்டையும் கோப்பது

பெரிய தாளுக்குப் போகும் முன் 7 × 5 செ.மீ அளவில் ஆறு சின்னப் பெட்டிகள் போடுங்கள். ஏ4 தாளின் நீள அகல விகிதம் ஏறக்குறைய அதுதான். ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடத்தில் ஓர் அமைப்பு. விவரம் வேண்டாம், சொல் எங்கே, பொருள்கள் எங்கே, வெள்ளை எங்கே என்பது மட்டும். முதல் இரண்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் வரும்: சொல் நட்டநடுவில், பொருள்கள் சுற்றிலும் மாலை மாதிரி. நாலாவது ஐந்தாவதில்தான் கை வேறு எதையாவது யோசிக்க ஆரம்பிக்கும்.

என் அமைப்பைச் சொல்கிறேன். ‘கி’யின் மேல்விலங்கு வலப்பக்கம் வளைந்து இறங்கும் முனையில் சாவி வளையம் தொங்குகிறது. சாவி ‘கி’க்கும் ‘ள’வுக்கும் நடுவே வந்து, ‘ள’வின் ஓரத்தைக் கொஞ்சம் மறைக்கிறது. ‘ள’வின் மேல் வளைவு ஓர் அலமாரித் தட்டு போல இருப்பதால் மூக்குக்கண்ணாடியை அதன் மேல் உட்கார வைத்தேன். செருப்புகள் கீழே இடப்பக்கம். ஒன்றின் நுனி ‘ள’வுக்குப் பின்னால் போய் மறைகிறது. ‘பு’வின் வலது கால் நீண்டு கீழே இறங்குகிறதல்லவா, அதுவே மடக்கிய குடை: மேல் முனை சின்ன வளைவாகக் கைப்பிடி, கீழ் முனை கூர்மையான நுனி. கைப்பிடியை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். உள்பக்கம் திருப்பினால் ‘ப’வின் வாய் மூடிக்கொண்டு எழுத்து படிக்க முடியாமல் போகும்.

ஒரு பொருள் எழுத்துக்கு முன்னால், ஒன்று பின்னால், ஒன்று மேலே, ஒன்று எழுத்தாகவே. இப்படி வந்துவிட்டால் சொல்லும் பொருள்களும் ஒரே மேஜையில் இருக்கின்றன என்று கண் நம்பிவிடும். எதுவும் எதையும் தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுதான் மோசம். விளிம்பும் விளிம்பும் சும்மா உரசிக்கொண்டு நிற்பது அதைவிட மோசம். ஒன்று நன்றாக மறைக்கட்டும், இல்லை நன்றாக விலகி நிற்கட்டும்.

எழுத்தைப் பொருளாக்குவதில் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். ‘ம்’ புள்ளியைச் சட்டைப் பொத்தானாக்கலாமே, ‘க’வைச் செருப்பாக்கலாமே என்று ஆசை பெருகும். நான்கெழுத்தில் ஓர் எழுத்து பொருளாக மாறினால் போதும். எல்லாம் மாறினால் பார்ப்பவர் விடுகதை அவிழ்க்கத் தொடங்கிவிடுவார், படத்தைப் பார்க்க மாட்டார். எழுத்தைக் கொண்டே உருவம் கட்டும் ஆசை நமக்கு ஒன்றும் புதியதில்லை. சித்திரக்கவியில் தேர் வடிவில் எழுத்துகளை அடுக்கிய ரதபந்தமும், பின்னிய பாம்புகளின் உடலில் பாட்டை ஓடவிட்ட நாகபந்தமும் இருக்கின்றன. அங்கேயும் பாட்டு பாட்டாகப் படிக்கக் கிடைக்கிறது. அதை விட்டுவிடாமல் இருப்பதுதான் கடினம், அழகும் அதில்தான்.

பென்சில் வரைவு முடிந்ததும் எழுத்துப் பிழை பாருங்கள். சிரிக்க வேண்டாம், உண்மையாகச் சொல்கிறேன். எழுத்தை வடிவமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டால் மூளை படிப்பதை நிறுத்திவிடும். ஒருமுறை மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிட்டு, முழுப் படத்தையும் முடித்த பிறகுதான் கவனித்தேன். கடைசி எழுத்திலிருந்து முன்னால் வந்து, ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபாருங்கள். ல, ள, ழ மூன்றையும் இரண்டு தடவை பாருங்கள்.

ஒட்டுதல்

‘ள’வின் உள்பகுதியைப் பழைய வரைபடத் துண்டால் நிரப்பப் போகிறோம். டிரேசிங் தாளில் அந்த எழுத்தின் வடிவத்தை எடுத்து, வரைபடத்தின் மேல் மாற்றி, வெட்டிக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலால் வெட்டிய விளிம்பு கூராக இருக்கும், கையால் கிழித்த விளிம்பு பஞ்சு போல இருக்கும். எழுத்துக்குள் வெட்டிய காகிதம், செருப்புக்குக் கீழே தரை போலக் கிழித்த காகிதம் என்று இரண்டையும் வைத்தால் நன்றாக இருக்கும்.

வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, காகிதத்தின் பின்பக்கம் ஓரம் வரை மெல்லியதாகத் தடவுங்கள். நடுவிலிருந்து வெளியே தள்ளி ஒட்டுங்கள். வழிந்த பசையை ஈரத் துணியால் உடனே துடைத்துவிடுங்கள். பசை காய்ந்த இடத்தில் வாட்டர்கலர் ஏறாது, வழுக்கை விழுந்தது போலத் திட்டாகத் தெரியும். மேலே ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் மேல் கனமான புத்தகங்கள் வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். செய்தித்தாள் ஒட்டினால் காலப்போக்கில் மஞ்சளாகும், மரக்கூழில் இருக்கும் லிக்னின்தான் காரணம். மஞ்சளாவது பிடிக்காதென்றால் லேசர் பிரிண்டரில் நகல் எடுத்து ஒட்டுங்கள். இங்க்ஜெட் நகலில் பல மைகள் ஈரம் பட்டால் கசியும்.

ஒட்டிய காகிதமும் எழுத்தும் பொருளும் ஒரே பரப்பில் சேரும் இந்த வழி 1911, 1912 வாக்கில் ஓவியர்கள் ஜார்ஜ் பிராக்கும் பாப்லோ பிகாசோவும் திறந்துவிட்டது. பிராக் இளமையில் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழில் பழகியவர். பெயர்ப் பலகைக்காரர்கள் பயன்படுத்தும் ஸ்டென்சில் எழுத்துகளை 1911இல் தம் ஓவியத்துக்குள் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு பிகாசோ, பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட ஒரு துணியை ஓவியத்தில் ஒட்டி, அதே ஓவியத்தில் செய்தித்தாள் தலைப்பின் முதல் மூன்று எழுத்துகளை வரைந்தார். அந்த மூன்று எழுத்தும் அங்கே ஒரு கண்ணாடிக் கோப்பைக்கு உள்ள அதே மரியாதையோடு இடம் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

வண்ணம்

தாளின் நான்கு ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்து, தாளின் ஓரத்தில் அம்புக்குறி போட்டுவிடுங்கள். இடப்பக்க மேல்மூலையிலிருந்து என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எல்லா நிழலும் வலப்பக்கம் கீழே விழும். செருப்பின் நிழல், சாவியின் நிழல், அதேபோல எழுத்துகளின் நிழலும். ஒவ்வொரு எழுத்தின் வலது ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் 3 மி.மீ அகலத்துக்குச் சாம்பல் நிழல் போடுங்கள். எழுத்து தாளிலிருந்து எழுந்து பொருள்களுக்குச் சமமாக உட்கார்வது இந்த ஒரு காரியத்தால்தான். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

முதல் பூச்சு தண்ணீராக இருக்கட்டும். காய்ந்தால் வாட்டர்கலர் ஒரு படி வெளுக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். இரண்டாம் பூச்சுக்கு முன் தாள் முழுதாகக் காய வேண்டும். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தில் மறுபடி தொட்டால் பூக்கோஸ் மாதிரி வெளிறிய கறை விரியும்.

பளிச் நிறம் குடைக்கு மட்டும். மற்ற எல்லாம் நீலம், காவி, சாம்பல். தாளில் மூன்றில் ஒரு பங்காவது வெள்ளையாக விடுங்கள்.

மை, பென்சில், வெள்ளை

வண்ணம் காய்ந்த பிறகு மை. எழுத்துக்கு ஒரு பேனா, பொருளுக்கு ஒரு பேனா என்று பிரிக்காதீர்கள். 08 பேனாவால் நிழல் பக்கத்துக் கோடுகள், எழுத்துக்கும் பொருளுக்கும் சேர்த்து. 01 பேனாவால் வெளிச்சப் பக்கத்துக் கோடுகள், அதுவும் இரண்டுக்கும் சேர்த்து. வெளிச்சம் பலமாக விழும் இடத்தில் கோட்டை விட்டுவிடுங்கள். கண் தானாக நிரப்பிக்கொள்ளும். அளவுகோல் வைத்து எழுத்தை வரைந்துவிட்டுப் பொருளைக் கைக்கோட்டில் வரைந்தால் பழைய பிரிவினை திரும்பி வந்துவிடும். கையின் மெல்லிய நடுக்கம் இரண்டிலும் இருக்கட்டும்.

நிழலுக்குள் சாய்கோடுகள் போடலாம். இன்னொரு நல்ல வழி, சாய்கோட்டுக்குப் பதில் பொடி எழுத்தில் எழுதி நிரப்புவது. கிளம்பும் முன் சொல்லிக்கொள்ளும் வார்த்தைகள், ‘சாவி எடுத்தாச்சா’, ‘விளக்கை அணைச்சாச்சா’ என்று 01 பேனாவால் நெருக்கி எழுதிக்கொண்டே போனால், தூரத்திலிருந்து அது சாம்பல் நிழல், கிட்டே வந்தால் பேச்சு. எல்லாம் படிக்கக் கிடைக்க வேண்டும் என்பதில்லை. கே. சி. எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையில் கையெழுத்து போன்ற வரிகள் படிக்கக் கிடைக்காமலே பரப்பு முழுவதும் ஓடும். வாய்ப்புக் கிடைத்தால் அந்த ஓவியங்களை நிதானமாகப் பாருங்கள். எழுத்தை வரைவது என்றால் என்ன என்பது அங்கே தெரியும்.

மை போட்டுப் பத்து நிமிடமாவது கழித்துத்தான் பென்சில் கோட்டை அழியுங்கள். வண்ணம் ஏறிய இடத்தில் அழியாமல் நிற்கும் கோடுகளை விட்டுவிடுங்கள். தேய்த்தால் வண்ணமும் போகும். வண்ணப் பென்சிலால் செருப்பின் வார், குடை மடிப்பு போன்ற சில இடங்களில் மட்டும் கனம் கூட்டுங்கள். கடைசியாக வெள்ளை ஜெல் பேனா: கண்ணாடி வில்லையில் ஒரு கீற்று, சாவி வளையத்தில் ஒரு புள்ளி, ‘கி’யின் வளைவில் ஒரு கீற்று. மினுக்கமும் எழுத்துக்கும் பொருளுக்கும் பங்கிட்டு வரட்டும். ஐந்தாறு இடத்துக்கு மேல் போனால் படம் பொரிப்பொரியாகிவிடும்.

மை தவறான இடத்தில் போய்விட்டால் பதற்றம் வேண்டாம். கோடு நிழல் பக்கமாகப் போயிருந்தால் நிழலை அதுவரை அகலமாக்குங்கள். வெளிச்சப் பக்கமாகப் போயிருந்தால் அதே தாளில் ஒரு சின்னத் துண்டு கிழித்து மேலே ஒட்டி, காய்ந்ததும் மறுபடி வரையுங்கள். ஒட்டு வேலை ஏற்கெனவே உள்ள படத்தில் இன்னொரு ஒட்டு யாருக்கும் உறுத்தாது.

டேப்பை உரிக்கும்போது தாளிலிருந்து வெளிப்பக்கமாக, சாய்வாக, மெதுவாக இழுங்கள். ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் முடி உலர்த்தியால் கொஞ்சம் சூடு காட்டுங்கள், பசை இளகிவிடும். ஸ்கேன் செய்வதானால் 300 டிபிஐ போதும். ஏ4 தாள் 3508 × 2480 பிக்சல் படமாகும், அதே அளவில் அச்சடிக்க அது தாராளம். சுவரில் மாட்டுவதானால் நேர் வெயில் படாத இடமாகப் பாருங்கள். பிக்மென்ட் மை தாங்கினாலும், ஒட்டிய அச்சுக் காகிதமும் ஜெல் மையும் சீக்கிரம் வெளுக்கக்கூடும். தாளின் பின்புறம் தேதியையும், எந்த வரிசையில் என்னென்ன போட்டீர்கள் என்பதையும் பென்சிலால் எழுதுங்கள். சோதனைத் துண்டை அங்கேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.